மாசி மாதத்து மாம்பழம்

ரத்னாவின் இரண்டு கைகளும் வேலை செய்துகொண்டிருந்தன. வலது கை குவியலில் இருந்து ஒரு மாம்பழத்தை எடுக்கும். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோவாள். ஒரு மூச்சு. பழம் இடது கைக்கு மாறி இடது பக்கம் போய்விடும். அதற்குள் வலது கை அடுத்ததை எடுத்திருக்கும்.

நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். பெங்களூரின் அந்தப் பெரிய கடையில் ஒவ்வொரு பழத்துக்கும் வெள்ளை வலைச் சட்டை மாட்டி, பஞ்சு மெத்தையில் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தியிருந்தார்கள். அதைக் கலைக்கிறோமே, யாராவது வந்து ஏதாவது சொல்வார்களோ என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏசி குளிரில் வியர்த்தது.

வலது பக்கம் ஒரு பழம்கூடப் போகவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

களி இறங்காத நாள்

இதுவரை இந்தப் பக்கங்களில் ஓசூர் சிப்காட்டைப் பற்றி எழுதினேன், நான் தகடு அழுத்திய பிரஸ் ஷாப்பைப் பற்றி எழுதினேன், கேன்டீன் சாம்பாரைப் பற்றிக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதினேன். என் மனைவி ரத்னா அங்கங்கே டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அவ்வளவுதான். நான் கையால் எழுதுவதை என் மகள்தான் தட்டச்சு செய்து அனுப்புகிறாள். அம்மாவை எப்பப்பா எழுதுவ என்று ஒருமுறை கேட்டாள். எழுதலாம் எழுதலாம் என்றேன். ரத்னா போய் இரண்டு மாங்காய் சீசன் முடிந்துவிட்டது.

அவள் பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம். வீட்டு மொழி தெலுங்கு. என்னோடு தமிழ், ஓசூர் சந்தையில் கன்னடம். வலி வந்தால் மட்டும் தெலுங்கு. கடைசி வருடத்தில் அவள் தெலுங்கில் வாயைத் திறந்தாலே நான் மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

நோய் உணவுக்குழாயில். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டோம். உருட்டி, குழம்பில் முக்கி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், பெரியவர்கள் சிரிப்பார்கள். பேச்சு வருவதற்கு முன்னாலேயே எங்கள் பிள்ளைகளுக்கு விழுங்க வந்துவிடும். அப்படிப்பட்ட ஒருத்தி ஒருநாள் ஓசூரை ஒட்டிய எங்கள் கெலவரப்பள்ளி வீட்டில் சாப்பாட்டின் நடுவே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். களி நிக்குதுங்க என்றாள். தண்ணீர் குடி என்றேன். தண்ணீரும் நின்றது.

அதற்குப் பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரி. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் எங்களுக்கென்று ஒரு சீட்டே உண்டு என்கிற அளவுக்குப் போய்வந்தோம். புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். சொட்டு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது. களி போய்ச் சோறு, சோறு போய்க் கஞ்சி, கஞ்சி போய் வடிகட்டிய தண்ணீர் என்று சாப்பாடு மெலிந்துகொண்டே வந்தது.

ஒரு மாசி மாதக் கடைசியில் டாக்டர் சொன்னார். நாளைக் காலை வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்போம். சாப்பாடு அது வழியாக. இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம், தண்ணீர் உள்பட. புரை ஏறினால் ஆபத்து.

டாக்டர் போன பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் நாளைக்கு என்னென்ன தப்பாகப் போகலாம் என்று வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, இப்ப மாம்பழம் எங்க கிடைக்கும்?"

மாசி மாதத்தில் மாம்பழமா, நம் பக்கம் இப்போதுதான் பூ உதிர்ந்து பிஞ்சு தெரிகிறது என்றேன். அதுவும் டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்றும் கேட்டேன்.

"விழுந்துச்சு. தின்னறதுக்கா கேட்டேன்? மோந்து பாக்கறதுக்கு. வாயைத்தான மூடச் சொன்னாரு, மூக்கையா மூடச் சொன்னாரு?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சீசன் வரைக்கும் நான் ஓடணுமில்ல."

மாங்கூழ் கம்பெனி

மாம்பழம் ஏன் என்று கேட்டால் அதற்கு அவளுடைய பாதி வயதைச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் எடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. சீசன் வந்தால் லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டும். ரத்னா கல்யாணத்துக்கு முன்பும், பிறகு மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பின்னும், சீசனுக்குச் சீசன் அங்கே வேலைக்குப் போனவள். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் அவள் ஊர்ப்பக்கம்தான் குடியிருந்தோம். நான் அங்கிருந்து சிப்காட்டுக்குப் பஸ்ஸில் போய்வருவேன்.

அவளுக்கு பெல்ட்டில் வேலை. பழுக்க வைத்த காய்கள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பிரிக்க வேண்டும். நன்றாகப் பழுத்தது வலது பக்கம், கூழுக்கு. பழுக்காதது இடது பக்கக் கூடைக்கு. கூடையில் விழுந்தது மறுபடி வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நிறத்தை நம்பக் கூடாது என்பாள். மேலே மஞ்சளாக இருக்கும், உள்ளே கல். காம்படியில் மூக்கை வைத்தால் பழம் உண்மையைச் சொல்லிவிடும். எடு, மோந்து பார், வை. இதையே காலையிலிருந்து சாயங்காலம் வரை.

மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். சாயங்காலம் அவள் பஸ்ஸில் ஏறினால் ஈயும் குளவியும் கூடவே ஏறும். கண்டக்டர் அவளிடம், டிக்கெட் உனக்கு மட்டும்தான் போட்டிருக்கேன், அதுங்கள இறக்கிவிடு என்று கிண்டல் செய்வாராம். சீசன் முழுக்க எங்கள் வீட்டுப் பாய், தலையணை, குழந்தையின் தலை எல்லாவற்றிலும் மாம்பழ வாசம்தான். எனக்குத் தலைவலி வரும். ஆடி பிறந்து எப்போது முடியுமோ என்று இருக்கும்.

அவளோ அங்கே ஒரு பழம் தின்றதில்லை. நாளெல்லாம் அதில் நிற்கிறவளுக்குத் தின்ன எப்படி மனசு வரும் என்பாள். ஆனால் அந்த வாசம் அவளுக்கு வேண்டும். சீசன் முடிந்து ஓய்ந்த பிறகு, வேலைக்குக் கட்டிப்போன பழைய புடவையைத் துவைக்காமல் ஒரு வாரம் கொடியிலேயே போட்டு வைத்திருப்பாள். எறும்பு வருதே என்று நான் கத்துவேன். வந்தா வரட்டும், அதுக்கும் சீசன் முடிஞ்ச வருத்தம் இருக்கும் என்பாள்.

என் கவலைகள்

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்வார்கள், எனக்கு முறை வருவதற்குள் தொண்டை வறண்டு போகும். முறை வரப்போகிறதே என்ற பயத்தில் முதல் பீரியடில் இருந்தே எதுவும் காதில் ஏறாது. ஒருநாள் அப்பா தனக்கு உடம்பு முடியவில்லை, நம் டீக்கடைக்கு ஆள் வேண்டும் என்றார். எனக்குள் வந்த நிம்மதியை அவர் தியாகம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு பிரஸ் ஷாப்பிலும் அப்படித்தான். அச்சு இறங்குவதற்கு முன் கையை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பேன். சூப்பர்வைசர் என்னை விரல் கணக்குப் பிள்ளை என்று கூப்பிடுவார். என் செட்டில் முழு விரல்களோடு ஓய்வு பெற்றவர்கள் அதிகம் இல்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் ரத்னா ஆபரேஷனுக்கு முந்தின நாள் கடைக்குப் போகலாம் என்றாள். நான் முடியாது என்பதற்குக் காரணங்களை அடுக்கினேன். வெயில். கூட்டம். மயக்கம் வந்தால். கிருமி பிடித்தால். எச்சில் புரை ஏறினால்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். பக்கத்துக் கட்டில் நோயாளியின் அக்கா ஒருத்தி, எந்த மாசம் எந்தப் பழம் கேட்டாலும் வைத்திருக்கும் பெரிய கடை ஒன்று இருப்பதாகவும் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான் என்றும் சொல்லியிருந்தாள். ரத்னா வழி விசாரித்து முடித்த பிறகுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள் என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

கடைக்குள்

ஓசூரிலும் பெரிய கடைகள் இருக்கின்றன. தள்ளுவண்டி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் கடை வேறு மாதிரி. கடைக்கு வந்த மாதிரி யாரும் நடக்கவில்லை. கோவில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

நான் ஒரு கையில் வண்டியும் இன்னொரு கையில் ஆஸ்பத்திரிப் பையுமாகப் போனேன். பையில் துண்டு, பிளாஸ்க், வாந்தி வந்தால் பிடிக்கக் கவர், எல்லா ரிப்போர்ட்டும். வாசல் செக்யூரிட்டி பையை வெளியே வைக்கச் சொன்னார். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. ரத்னாவைப் பார்த்துவிட்டு, போங்க என்று கையைக் காட்டினார்.

உள்ளே நுழைந்ததும் ரொட்டி சுடுகிற வாசம். அதைத் தாண்டினால் காப்பிக்கொட்டை. அங்கேயே அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு வாய் காப்பி குடித்தால் தேவலை என்று இருந்தது. இவளுக்கு ஆசை வந்துவிடுமே என்று வண்டியை வேகமாகத் தள்ளினேன். ரத்னா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாம்பழ நினைப்பிலேயே போகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைகிற சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணாடிப் பேப்பரில் இருந்தது. ஒரு அலமாரி முழுக்கக் கேழ்வரகு. பிஸ்கட்டாக, சேமியாவாக, அவலாக, படம் போட்ட டப்பாக்களில்.

"பாருங்க, நம்ம கேவுருக்கு சட்டை எல்லாம் தைச்சுப் போட்டிருக்காங்க. பொண்ணு பாக்க வராங்க போல."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கிண்டல் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே தப்போ என்றும் வந்தது.

பழப் பகுதி கடைசியில். பேர் தெரியாத பழங்களை எல்லாம் விட்டுவிட்டு அவள் நேராகப் போய் நின்றாள். நடுவில் தனி மேஜையில் குவியலாக மாம்பழம். எங்கேயோ கொங்கணப் பக்கத்திலிருந்து முதல் வரவு. நல்ல மஞ்சள், தோளில் லேசான சிவப்பு.

ரத்னா முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டாள். பெல்ட்டில் நிற்கப் போகிறவள் போலக் காலைக் கொஞ்சம் அகட்டி நின்றாள். முதல் பழத்தை எடுத்தாள்.

இடது பக்கம்

முதல் பழத்தை மோந்து பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது. இடது பக்கம் வைத்தாள். இரண்டாவதும் இடது பக்கம். மூன்றாவதை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். வலைச் சட்டையைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தாள். இடது பக்கம். அதற்குப் பிறகு கைகள் தாமாகவே வேகம் எடுத்துக்கொண்டன. அந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை, குழாயும் இல்லை. பெல்ட்டில் நிற்கிறவள் கூடைக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கையை உதறிக்கொண்டு சொன்னாள், எல்லாம் கல்லு வச்ச பழம் என்று.

கல்லு வைப்பது என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். காயைப் பறித்து வந்து மருந்துக் கல்லை வைத்துச் சீக்கிரமாக மஞ்சளாக்கிவிடுவது. தோல் மட்டும் பழுக்கும். வாசனை இருக்காது.

"இவ்வளவு பெரிய கடையில இப்படி ஏமாத்தறாங்க. நீங்களே மோந்து பாருங்க, ஒரு பொட்டு வாசம் இல்ல."

ஒரு பழத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழம் என் முகத்துக்குப் பக்கத்தில் வரக்கூட இல்லை, அதற்குள் வாசம் வந்துவிட்டது. உண்மையில் மேஜைக்கு வந்ததிலிருந்தே அந்த வாசம் என்னைச் சுற்றித்தான் இருந்திருக்கிறது. பயத்தில் நான் கவனிக்கவில்லை. எங்கள் பழைய வீட்டுத் தலையணையின் வாசம். குழந்தையின் தலை வாசம். கொடியில் தொங்கிய புடவை வாசம். எனக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்த அதே வாசம் மூக்கில் ஏறி மண்டை வரைக்கும் போனது.

அந்த ஒரு நிமிடத்தில் பல விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. போன வாரம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருந்தபோது ரத்னா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் போல என்று நான் ஓடிப்போய் அணைத்தேன். ஆஸ்பத்திரி பினாயில் நாற்றம் இப்போதெல்லாம் குமட்டுவதில்லை என்று அவள் சொன்னபோது, உடம்பு தேறுகிறது என்று மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். ரொட்டி அடுப்பைத் தாண்டி அவள் திரும்பாமல் போனது. எல்லாம்.

மருந்து அதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. தெரியாமல்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"ஆமா. கல்லு வச்சதுதான்," என்றேன்.

அவள் நல்ல வேளை என்பது போலத் தலையாட்டினாள். தப்பு பழத்தில் இருந்தால் அவளுக்குக் கோபம் மட்டும்தான். கோபம் தாங்கிக்கொள்ளக் கூடியது. போகலாம், வேறு கடையில் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால் போதும் என்று இருந்தது.

அதற்குள் பழப் பகுதியில் வேலை செய்கிற பெண்மணி வந்துவிட்டார். நடுத்தர வயது, நெற்றியில் பெரிய குங்குமம், கடைப் பச்சைச் சட்டை. இடது பக்கம் சேர்ந்திருந்த குவியலைப் பார்த்தார். "முட்டபேடி அம்மா," என்றார் கன்னடத்தில், தொடாதீர்கள் என்று. அப்புறம்தான் ரத்னாவின் தலைத்துணியையும், கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

ரத்னா கன்னடத்திலேயே அவரிடம் நியாயம் கேட்டாள். கல்லு வச்ச பழத்தை இப்படிச் சட்டை போட்டு விற்கலாமா என்றாள். அந்த அம்மாள் பதறிப்போனார். இல்லம்மா, அப்படி எல்லாம் இல்லை, இன்று காலையில்தான் பெட்டி உடைத்தோம், நான்தான் அடுக்கினேன் என்றார். தான் சொல்வதை நிரூபிக்க ஒரு பழத்தை எடுத்துத் தன் மூக்கில் வைத்துக் கண்ணை மூடித் திறந்தார்.

"கமகம அந்த இதே அல்லம்மா."

கமகம என்று இருக்கிறதே அம்மா. இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தாலே போதும். நல்ல வாசம் மூக்கில் போகிற மனிதர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ரத்னா அவரைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இடது பக்கம் வைத்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கிவிட்ட வலைச் சட்டையை மறுபடி ஏற்றிவிட்டு, குவியலில் முன்பு இருந்த மாதிரியே வைத்தாள். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று கையைத் தள்ளினாள். அந்தப் பெண்மணியும் பக்கத்திலேயே நின்றார், ஏதோ தான் தப்பாகச் சொல்லிவிட்டது போல.

எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"வருதா?"

"வருது."

"நிறையவா?"

"நிறைய வருது, ரத்னா."

சரி என்றாள். ஒன்று வாங்குங்கள் என்றாள்.

வாசல் பெஞ்சில்

கடைக்கு வெளியே கார்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. அங்கே உட்கார்ந்தோம். பழம் என் மடியில். இதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் என்ன செய்வது, மகள் வந்தால் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுங்க," என்றாள்.

எனக்கு வேண்டாம் என்றேன். உன்னை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்குப் பசிக்கிறதா என்றா கேட்டேன், எனக்காகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள்.

நான் பழத்தைக் கையில் உருட்டினேன். காம்பைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சினேன். கார்க்காரர்கள் பார்க்கிறார்களே, சட்டையில் ஒழுகுகிறதே என்று எல்லாக் கவலையும் அப்போதும் இருந்தது. விழுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுமோ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை.

இனிப்பாக இருக்கிறது என்றேன்.

"பழம்னா இனிப்பாதான் இருக்கும். அதுக்கு எதுக்கு நீங்க? ஒழுங்கா சொல்லுங்க."

 எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. சாப்பாட்டைப் பற்றி என் வாயில் நல்லா இருக்கு, உப்பு கம்மி என்ற இரண்டைத் தவிர வேறு வந்ததே இல்லை. கேன்டீனில் மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், வாயில் போட்டது என்ன என்று பார்க்க ஏது நேரம்.

இன்னொரு வாய் உறிஞ்சினேன். இந்த முறை விழுங்காமல் கொஞ்சம் வைத்திருந்தேன்.

முதலில் தேன் மாதிரி இருக்கிறது, போகப் போக லேசாகப் புளிப்பு என்றேன். எங்கே புளிப்பு என்று கேட்டாள். தோலை ஒட்டின இடத்தில். நார்? நார் இல்லை, வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. நம்ம செந்தூரா மாதிரியா? இல்லை, அதைவிட அடர்த்தி. கொட்டையைச் சுற்றி? அங்கே இன்னும் போகவில்லை. போங்க என்றாள். போனேன். அங்கே இனிப்பு குறைவு, ஆனால் வாசம் அதிகம் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காம்புப் பக்கம் எப்படி இருக்குது?"

கடித்துத் துப்பிய இடத்தில் நாக்கை வைத்தேன். சுருக்கென்று இருந்தது. கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு காரம். நீ வேலைக்குப் போய்வந்தபோது உன் கையில் இருக்குமே, அது என்றேன்.

"ஆங்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அதான். அதேதான்."

அவள் மூக்கு லேசாக விரிந்து சுருங்கியதை நான் பார்த்தேன். எதையோ இழுத்து உள்ளே வாங்கிக்கொள்கிறவள் போல இருந்தது. அவளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. நான் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை குழாய் வைத்தார்கள்.

சொல்லிச் சாப்பிடுவது

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. அவளுக்கு நேரத்துக்கு நேரம் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவேன். அது முடிந்ததும் என் தட்டைக் கொண்டுவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மறைவாகச் சமையலறையில் சாப்பிட்டால் கத்துவாள். உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகச் சொல்லிச் சாப்பிட வேண்டும்.

கத்திரிக்காய் முற்றல், விதை பல்லில் மாட்டுகிறது. ரசத்தில் இன்று மிளகு முந்திக்கொண்டு வருகிறது. தயிர் நேற்றையது, ஓரத்தில் கசப்பு. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். காலையில் சந்தையில் என்ன வாங்கினேன், எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தேன் என்று எல்லாமே அவளுக்குத் தெரியும். மிளகு எப்படி முந்தும், நீங்க பொடிக்கவே இல்லையே, சத்தம் கேக்கலையே என்பாள். மாட்டிக்கொள்வேன். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

சீசன் வரைக்கும் அவள் ஓடினாள். லாரிகள் வரிசை கட்டின. கடைசியாக வருகிற நீலம் ரகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். அதற்குள் செந்தூராவும் பெங்களூராவும் சொல்லி முடித்திருந்தேன். கடைசி நாட்களில் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சொல்வதை நிறுத்தவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அடக்கம் முடிந்த அன்று சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் குழம்பும் பெரிய பாத்திரங்களில் வந்தன. ஆண்களை முதலில் வரிசையாக உட்கார வைத்து இலை போட்டார்கள். சாப்பிட முடியாது என்றுதான் நினைத்தேன். பசி என்னமோ இருந்தது. பிசைந்து முதல் வாய் வைத்தேன்.

"புளி தூக்கலா இருக்குது," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

 பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் அப்படியே நின்றுவிட்டார். மகள் தூணுக்குப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். பெண்டாட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மனிதன் குழம்புக்குக் குறை சொல்கிறானே என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

"அவசரத்துல கரைச்சதுங்கண்ணா," என்றார் சம்பந்தியம்மாள் மெல்ல. "நாளைக்குக் குறைச்சிடறேன்."

 தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாயை எடுத்தேன். சோறு குழையாமல் பதமாக வெந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.